இடது கைக் கூழைக்கடா

12 ஜனவரி 1988, செவ்வாய்

இது இடது கை எழுத்து. வலது கை மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. கூந்தன்குளம் கரையில் வழுக்கி விழுந்தேன். பைனாகுலருக்கு ஒன்றும் ஆகவில்லை.

13 ஜனவரி, புதன்

இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக எழுதிப் பார்க்கிறேன். எழுத்தெல்லாம் குடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்கிறது. மதினி ராஜாபாய் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஜெமி, கோழி கிளறின மாதிரில்லா இருக்கு" என்றாள். அண்ணன் போன பிறகு பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என்னைக் கேலி செய்ய அவளுக்கும், அவளைக் கோபிக்க எனக்கும் வேறு ஆள் கிடையாது.

விழுந்தது என் தப்பு இல்லை, கூழைக்கடாவின் தப்பு. கருவேல மரத்துக் கூட்டில் குஞ்சு ஒன்று தாயின் தொண்டைப்பைக்குள் தலையை முழுக்க விட்டு மீன் எடுத்துக்கொண்டிருந்தது. இலை மறைக்காத இடம் தேடி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பக்கவாட்டில் நடந்தேன். களிமண். கையை ஊன்றினேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் டிராக்டரில் ஏற்றி நாங்குநேரி வரை கொண்டுவந்து விட்டார்கள். நல்ல மனிதர்கள். வழியெல்லாம் ஒரு அம்மா, "பறவையப் பாத்துக்கிட்டே வுழுந்தா பாவம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட வேண்டியிருந்தது. மதினி எழுதினாள். கையெழுத்துக்குப் பெருவிரல் ரேகை வைத்தேன். டிராயிங் டீச்சர் கைநாட்டு.

16 ஜனவரி, சனி

பேராசிரியர் அருளானந்தம் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். பழத்தை மேஜையில் வைக்கும்போதே தெரிந்துவிட்டது, கையைப் பார்க்க வரவில்லை, பிளேட்டைப் பார்க்க வந்திருக்கிறார் என்று.

நியாயம்தான். தாமிரபரணிக் கரைப் பறவைகளைப் பற்றி அவர் எழுத, நான் வரைய, ஐந்து வருஷமாக ஒரு புத்தகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. முழுப்பக்க வண்ணப் படங்கள் நாற்பது. எங்கள் பேச்சில் அதுதான் பிளேட். முப்பத்தாறு முடிந்து பீரோவில் இருக்கின்றன. பாக்கி நான்கு: வாத்துகள், நாரைகள், பருந்துகள், கூழைக்கடா.

"ஏம்மா ஜெமிமா, சிவகாசியில அச்சு மெஷின் மே மாசம் வரைக்கும்தான் சும்மா இருக்கும். அதுக்கப்புறம் காலண்டர் வேலை ஆரம்பிச்சிரும். வருஷக் கடைசி வரைக்கும் நம்ம பக்கம் திரும்பிப் பாக்கமாட்டான்."

"பிப்ரவரி கடைசியில கட்டு பிரிச்சிருவாங்க சார். மார்ச், ஏப்ரல் ரெண்டு மாசம் எனக்குப் போதும்."

"இல்ல, எதுக்கும் ஒரு ஆள வச்சிக்கிடலாமேன்னு பாத்தேன். மெட்ராஸ்ல திருமலைக்கொழுந்துன்னு ஒருத்தர். மியூசியத்துக்கெல்லாம் வரைஞ்சவர். நம்ம கல்லிடைக்குறிச்சிக்காரர்தான்."

எனக்கு அவர் படங்களைத் தெரியும். இறகுக்கு இறகு அளந்து வரைவார். ஆனால் பறவை பஞ்சு அடைத்தது மாதிரி நிற்கும், ஏனென்றால் அவர் பார்த்து வரைவதே பஞ்சு அடைத்த பறவையைத்தான். மியூசியத்து இழுப்பறையைத் திறந்து, செத்துப் பதப்படுத்தி வைத்திருக்கிற உடம்பை எடுத்து, ஸ்கேல் வைத்து வரைகிறவர்.

"என் புத்தகத்துல இன்னொருத்தர் பிரஷ் படக்கூடாது சார்" என்றேன்.

"நம்ம புத்தகம்" என்றார் பேராசிரியர், மெதுவாக.

ஆரஞ்சு புளித்தது.

25 ஜனவரி, திங்கள்

நான் வேண்டாம் என்று சொன்ன மனிதர் இன்று காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிவிட்டார். பேராசிரியர் முந்தியே கடிதம் போட்டுவிட்டாராம். வெள்ளை வேட்டி, விபூதி, கையில் ஒரு தகரப் பெட்டி. ஐம்பது வயதிருக்கும். சைவ வீட்டு ஆள் என்று தெரிந்ததும் மதினி மீன் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டு போனாள். "எனக்காக ஒண்ணும் மாத்தாதீங்கம்மா, நான் ஜங்ஷன்ல சாப்பிட்டுக்குவேன்" என்றார். விட்டாளா? புதுப் பாத்திரம் வாங்கி வந்து சாம்பார் வைத்தாள்.

சாப்பாடு முடிந்து தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு நீர்க்காகம், ஒரு பருந்து, கண்ணிருக்கிற இடத்தில் வெள்ளைப் பஞ்சு. மதினி, "யேசப்பா!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"தானாச் செத்துக் கிடந்ததுங்கதான் டீச்சர். நான் எதையும் கொன்னதில்ல" என்றார் என்னிடம். நான் கேட்கவில்லை.

பீரோவைத் திறந்து முப்பத்தாறு பிளேட்டையும் காட்டச் சொன்னார். மதினி ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். மீன்கொத்திகள் இருக்கும் பிளேட்டுக்குத் திரும்பவும் வந்து நின்றார். முழுக்கப் பார்த்து முடித்ததும், "நான் எதுக்கு வந்தேன்னு தெரியல" என்றார்.

பாராட்டா, திரும்பிப் போகிறேன் என்கிறாரா, புரியவில்லை. ஆனால் போகவில்லை. ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் அறை எடுத்திருக்கிறார்.

3 பிப்ரவரி, புதன்

வாத்து பிளேட் ஆரம்பித்துவிட்டார், எங்கள் முன்னறையிலேயே. நான் பழைய பென்சில் ஸ்கெட்சுகளைக் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், மதினி கொடுக்கச் சொன்னாள்.

வரித்தலை வாத்தின் கழுத்தை விறைப்பாக வரைந்திருக்கிறார். சொன்னேன். அழித்தார். மறுபடி வரைந்தார். மறுபடி சொன்னேன். கோபமே வரவில்லை அவருக்கு. எனக்குத்தான் வந்தது.

9 பிப்ரவரி, செவ்வாய்

கழுத்தை அழித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவரைக் கூந்தன்குளம் கூட்டிப்போனேன். பஸ்ஸில் கட்டுக் கையை ஒருவரும் இடிக்காதபடி என்னை ஜன்னல் கம்பிப் பக்கம் உட்காரவைத்து, தான் வெளிப்பக்கம் உட்கார்ந்தார். சேலை கட்டிவிடும்போது மதினி எது வேண்டும் என்று கேட்டாள். நீலம் என்றேன். அதற்கு ஏன் சிரிக்க வேண்டும்?

குளம் நிறைந்து கிடக்கிறது. நாரைகள், அரிவாள் மூக்கன்கள், கரண்டிவாயன்கள், வீட்டுக் கூரைக்கு மேலே கூழைக்கடாக் கூடுகள். அந்த ஊரில் பறவைகள் கத்துகிற கத்தலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நோட்டை விரித்தார். பென்சிலைச் சீவினார். சாயங்காலம் வரை ஒரு கோடு போடவில்லை.

எனக்கு எரிச்சல். இவ்வளவு தூரம் வந்து வெறும் தாளோடு திரும்புவதா?

திரும்பி வரும்போது, பஸ் மூன்றடைப்பு ஊரைத் தாண்டிய பிறகு பேசினார். "கூழைக்கடா கிளையில வந்து இறங்கினதும் கிளை தணியுது பாத்தீங்களா டீச்சர்? கிளை எழும்பி நிக்கிற வரைக்கும் பறவையும் கூடவே ஆடுது. பெட்டிக்குள்ள கிடக்கிறதுக்குப் பாரமே கிடையாது. நான் இத்தன நாளும் பாரமில்லாத பறவையில்லா வரைஞ்சிருக்கேன்."

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. புதுச் சட்டை போட்ட பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னார்.

12 பிப்ரவரி, வெள்ளி

வாத்து பிளேட் முடிந்தது. கழுத்து வளைந்திருக்கிறது. நன்றாக இருக்கிறது. அவரிடம் "பரவாயில்லை" என்றேன்.

13 பிப்ரவரி, சனி

இன்று என் நீர்க்காக பிளேட்டைத் திரும்ப எடுக்கச் சொன்னார். பக்கத்தில் தன் பெட்டியிலிருந்த நீர்க்காகத்தை வைத்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. காலைப் பாருங்க."

பார்த்தேன். வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கும் இடையில்தான் சவ்வு. பின்விரல் தனியாக இருக்கும். நீர்க்காகத்துக்கு அப்படி இல்லை. நான்கு விரலையும் ஒரே சவ்வு சேர்த்துப் பிடித்திருக்கிறது. நான் வாத்துக் காலை வரைந்து வைத்திருக்கிறேன்.

"நீங்க பாத்தப்பவெல்லாம் அது எச்சம் படிஞ்ச கட்டையில, தூரத்துல உக்காந்திருந்திருக்கும். பின்விரல் தெரிஞ்சிருக்காது" என்றார்.

எனக்காக அவர் சமாதானம் கண்டுபிடித்துக் கொடுத்தது அதைவிட எரிந்தது. உள்ளே போய்விட்டேன். துணி மடித்தேன். ஒற்றைக் கையால் போர்வை மடிப்பது லேசில்லை. மிளகாய் வற்றல் காயப் போட்டேன். மழை வருமென்று திரும்ப எடுத்தேன். மழை வரவில்லை.

14 பிப்ரவரி, ஞாயிறு

சபைக் கோயிலில் போதகர் ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று தெரியாது. நீர்க்காகத்தின் பின்விரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து நேராக லாட்ஜுக்குப் போய், "நீங்க திருத்திருங்க. என் கலர்ப் பெட்டியில இருந்து எடுங்க, உங்க கறுப்பு ஒட்டாது" என்றேன். வாசலில் நின்றே சொன்னேன். லாட்ஜ் மேனேஜர் எங்கள் சபைக்காரர்.

24 பிப்ரவரி, புதன்

கட்டு பிரித்தார்கள். கை மெலிந்து, செதில் செதிலாக, யாருடையதோ மாதிரி இருக்கிறது. விரல்கள் இன்னும் தூங்குகின்றன. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழியச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மதினி சப்பாத்தி மாவைக் கொடுத்துப் பிசையச் சொல்கிறாள். இந்த வீட்டில் இதுவரை இவ்வளவு சப்பாத்தி சுட்டது கிடையாது.

2 மார்ச், புதன்

பிழிந்தேன். பிசைந்தேன். கட்டைவிரல் லேசாக அசைகிறது. நாளை இன்னும் அசையும்.

நாரை பிளேட்டும் முடித்துவிட்டார். கால்களின் சிவப்பில் ஒரு துளி பழுப்பு சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். நாரைக்கு ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது. "எப்படி டீச்சர்?" என்றார். அது எப்படி என்று சொல்ல எனக்குத் தெரியாது. இந்த ஜில்லாவில் கலர் பார்க்க என்னைவிட்டால் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மதினி அவரிடம் கதை பிடுங்கிவிட்டாள். மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறதாம். ஒரே மகள், பம்பாயில். ராத்திரி சாப்பாட்டுக்கு வெறும் தயிர்ச் சோறுதானாம். என்னிடம் வந்து இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள்?

8 மார்ச், செவ்வாய்

டாக்டரிடம் போனோம். ஊசியால் விரல்களைக் குத்திப் பார்த்தார். ஏதோ நரம்பு என்று விளக்கினார். மதினி நிறையக் கேள்வி கேட்டாள். வரும் வழியில் பூசணிக்காய் வாங்கினோம்.

ஆட்டோவில் மதினி பூசணிக்காயை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது என் செருப்பு வார் கழன்றிருந்தது. தெருவிலேயே குனிந்து அவள் மாட்டிவிட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

பூசணிக்காய் நல்ல முற்றல்.

9 மார்ச், புதன்

துணி பிழியவில்லை. அலுப்பாக இருந்தது.

15 மார்ச், செவ்வாய்

பருந்து பிளேட் முடிந்தது. வானத்தில் வட்டமடிக்கிற செம்பருந்துக்கு அவர் வைத்த சிறகு விளிம்பு அப்பழுக்கில்லாதது. அதை நான் வரைந்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

இனி கூழைக்கடா ஒன்றுதான்.

16 மார்ச், புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கூழைக்கடாவுக்குப் பென்சில் வேலை தொடங்கினார். மத்தியானம் வந்து பார்த்தேன். எல்லாம் சரி. அலகின் நீளம் சரி, மேல் அலகில் நீலப் புள்ளிகள் சரி, தொண்டைப்பை சரி. ஆனால் கோயில் வாகனம் மாதிரி நிற்கிறது.

"சார், கிளை தணியுதுன்னு பஸ்ஸில சொன்னீங்களே, அது எங்க?"

"அதத்தான் காலையிலிருந்து தேடிக்கிட்டிருக்கேன். வரமாட்டேங்குது."

"அது கால்ல நிக்கிற பறவை இல்ல சார். வயித்துல உக்கார்ற பறவை. மொத்த உடம்பும் ஒரு சாக்கு. சாக்கை இறக்கி வச்சா எப்படி அமரும்? இப்படி..."

கையால் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. சுவரில் தொங்கின போன வருஷத்துக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி வரைந்தேன். முதுகு ஒரு கோடு. வயிறு ஒரு கோடு. கழுத்து பின்னால் மடிந்து தோளில் படுத்திருக்கிறது. அலகு நெஞ்சின் மேல் சாய்ந்திருக்கிறது. கீழே கிளை வளைகிறது.

வரைந்து முடித்த பிறகுதான் பார்த்தேன், பென்சில் இடது கையில் இருந்தது.

அவர் அந்தத் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். திரும்பி வந்து தன் பென்சில் படத்தை உருவி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்த பிளேட்டை நான் தொடமாட்டேன் டீச்சர்."

"என்ன பேசுதீங்க? இது கிறுக்கல். சொல்லிக் காட்டுறதுக்குப் போட்டது."

"இதுல பாரம் இருக்கு."

"கோடு கோணலா இருக்கு. கோணல் கோட்டை என் பேர்ல அச்சடிக்க நான் சம்மதிக்கமாட்டேன். முப்பத்தாறு பிளேட்டுல ஒரு கோணல் கோடு காட்டுங்க பாப்போம்."

"அதுல கிடையாது. இதுல எங்க இருக்கு? நீங்க காட்டுங்க."

தாளை மேஜையில் வைத்தார். குனிந்து பார்த்தேன். முதுகுக் கோடு ஓரிடத்தில் நடுங்கியிருந்தது. ஆனால் அந்த இடத்தில் கூழைக்கடாவுக்கு இறகு கலைந்துதான் இருக்கும். விரல் வைத்துக் காட்ட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

"டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ராஜாபாயம்மா சொன்னாங்க" என்றார்.

"அவளுக்கு வேற வேலையில்ல" என்றேன்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

18 மார்ச், வெள்ளி

போய்விட்டார். மூன்று பிளேட்டும் பீரோவில். நீர்க்காகத்தின் காலும் திருத்தியாகிவிட்டது, எங்கே என் கறுப்பு முடிந்து எங்கே அவர் கறுப்பு ஆரம்பிக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு மதினி புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். ரயில் கிளம்பும்போது, "வரஞ்சு முடிச்சதும் ஒரு கார்டு போடுங்க" என்றார். முடித்தால் என்று சொல்லவில்லை.

20 மார்ச், ஞாயிறு

பேராசிரியர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நாப்பதாவது பிளேட்டை வெள்ளைத் தாளா விடச் சொல்றியாம்மா?"

"ஏப்ரல் கடைசியில தருவேன் சார்."

"எந்தக் கையால?"

கேட்ட பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிளேட் வந்தாப் போதும்லா சார் உங்களுக்கு?" என்றேன்.

22 மார்ச், செவ்வாய்

மேஜையை மாற்றினோம். வலது கையால் வரைகிறவளுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கையின் நிழல் தாளில் விழும். இருபத்தைந்து வருஷமாக மேஜை அந்தச் சுவரில்தான் இருந்தது. இன்றைக்கு பீரோவை நகர்த்தி, கட்டிலை நகர்த்தி, எதிர்ச் சுவருக்குக் கொண்டுவந்தோம். மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கூழைக்கடா இன்னும் யாரு யாரு எலும்பை முறிக்கப்போகுதோ" என்றாள்.

26 மார்ச், சனி

கிழித்தேன்.

28 மார்ச், திங்கள்

கிழித்தேன். சின்ன பிரஷ் இந்தக் கைக்கு அடங்கவில்லை. அலகின் புள்ளிகள் அம்மைத் தழும்பு மாதிரி வருகின்றன.

3 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். விடியற்கால ஆராதனைக்குப் போனோம். மதினி ஆட்டுக்கறி வைத்தாள். சாப்பிட்டதும் ஒரு தாளை நனைத்துச் சும்மா கலரை ஓடவிட்டேன். பெரிய பிரஷ். சாம்பலும் கொஞ்சம் நீலமும். கையை மேஜையில் ஊன்றாமல் தோளிலிருந்து ஓட்டினேன். விரலால் வரையக்கூடாது. இந்தக் கைக்கு விரல் புத்தி இன்னும் வரவில்லை, தோள் புத்தி இருக்கிறது. ஒரே இழுப்பில் முதுகு வந்தது.

கூழைக்கடா பெரிய பறவை. அதற்குச் சின்ன பிரஷ் எதற்கு?

11 ஏப்ரல், திங்கள்

பஸ் ஏறிக் கூந்தன்குளம் போனேன், தனியாக. குஞ்சுகள் தாயளவு வளர்ந்துவிட்டன. என்னை டிராக்டரில் கொண்டுவிட்ட அம்மா பார்த்துவிட்டு, "கை சரியாப் போச்சா தாயி?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். இடது கையால் நோட்டு நிறைய வரைந்துகொண்டு வந்தேன்.

19 ஏப்ரல், செவ்வாய்

உடம்பு முடிந்தது. கிளை முடிந்தது. அடிவயிற்றில் லேசான ரோஸ் படர்ந்திருக்கிறது, வெட்கப்பட்ட மாதிரி. இனி கண்ணும் அலகுப் புள்ளிகளும். அவை சின்ன வேலை. தப்பினால் முழுத் தாளும் போச்சு.

இன்றைக்குத் தொடவில்லை. துவையல் அரைத்தேன்.

22 ஏப்ரல், வெள்ளி

காலையில் எழுந்ததும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்தேன். மதினி காப்பி கொண்டுவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூச்சை விட்டு, அடுத்த மூச்சை எடுக்கும் முன்னால் ஒரு புள்ளி. மறுபடி விட்டு, மறுபடி ஒன்று. புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்றில்லை. மரத்தில் இருக்கிற பறவைக்கும் அப்படித்தான். கடைசியாகக் கண். ஒரு வெள்ளைப் பொட்டு.

எழுந்து நின்று பார்த்தேன்.

மதினி, "இது நம்மளப் பாக்குதுல்லா ஜெமி" என்றாள். காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

சொல்லிவிடுகிறேன்: நாற்பதிலும் இதுதான் நல்ல பிளேட்.

23 ஏப்ரல், சனி

மெட்ராஸுக்குக் கார்டு போட்டேன். "முடிந்தது. மே ஒன்பதாம் தேதி சிவகாசி." வேறென்ன எழுத? தபால்பெட்டி வரை நானே போனேன்.

10 மே, செவ்வாய்

நேற்று சிவகாசியில் நடந்ததை எழுதுகிறேன். காலையிலேயே பஸ் பிடித்தோம், பேராசிரியரும் நானும். அச்சகத்து வாசலில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்திருக்கிறார். தகரப் பெட்டி இல்லை. கழுத்தில் புது பைனாகுலர் தொங்கிற்று.

"அச்சகத்துக்கு எதுக்கு சார் இது?" என்றேன்.

"முடிஞ்சதும் அப்படியே கூந்தன்குளம் போகலாமேன்னு..." என்றவர், "நீங்க கூட வந்தீங்கன்னா" என்று முடித்தார். பேராசிரியர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

உள்ளே முதலில் பெயர்ப் பக்கம் காட்டினார்கள். 'ஓவியங்கள்: ஜெமிமா ஞானதீபம்' என்று மட்டும் இருந்தது. கொழுந்து சாரே பேராசிரியரிடம் அப்படிச் சொல்லி எழுதியிருக்கிறார். நான் அச்சுக் கோப்பவரைக் கூப்பிட்டு, 'திருமலைக்கொழுந்து' என்று அடுத்த வரியில் அதே எழுத்தளவில் சேர்க்கச் சொன்னேன்.

"டீச்சர், உங்க புத்தகம் அது" என்றார் அவர்.

"நம்ம புத்தகம். மூணு பிளேட்டும் ஒரு நீர்க்காகத்துக் காலும் நான் வரையல. நான் வரையாததை என் பேர்ல போட்டுக்கிற அளவுக்கு எனக்குக் குறைச்சல் ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு மாதிரித் தாள்கள். ஃபோர்மேன் மாடசாமி, கையெல்லாம் மை, நல்ல தொழில்காரர். கூழைக்கடாத் தாளை விரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? சாம்பல் கொஞ்சம் மங்கலா இருக்கு. ரோஸைத் தூக்கி விட்டம்னா பளிச்சுனு நிக்கும். பட்டாசு லேபிள் கணக்கா."

"பட்டாசு வெடிக்கணும் தம்பி. இது உக்காரணும். ரோஸைக் குறைங்க. நீலம் ஒரு பொட்டு ஏத்துங்க."

குறைத்தார். ஏற்றினார். இன்னொரு தாள் இழுத்தார். நான் மறுபடி தலையாட்டினேன். மறுபடி. வெளியே வெயில் ஏறிக்கொண்டே போனது. பேராசிரியர் நாற்காலியில் தூங்கிப்போனார். கொழுந்து சார் என் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தாளிலும் இறகு விளிம்பு கலைகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொன்னார். கலர் என் பொறுப்பு, கோடு அவர் பொறுப்பு. நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது.

ஒரு தாள் வந்தது. சாம்பல் சாம்பலாகவே இருந்தது. அடிவயிற்று ரோஸ் தொட்டால் ஒட்டும் போலிருந்தது.

"இதுதான்" என்றேன்.

மாடசாமி தாளை விளக்குக்குக் கீழே நகர்த்திப் பார்த்தார். "ஆமாக்கா. இப்பந்தான் இது பறவை. முன்ன லேபிளாத்தான் இருந்துச்சு." பிறகு பேனாவை நீட்டினார். சம்மதித்த தாளில் வரைந்தவர் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். இடது கையை நீட்டி வாங்கினேன்.

"அக்காவுக்கு இடது கைப் பழக்கமோ?"

இந்த நான்கு மாதமாக யார் கேட்டாலும் "சரியாயிரும்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். மதினியிடம், பள்ளிக்கூடத்தில், கூந்தன்குளத்து அம்மாவிடம், இந்த நோட்டில்கூட. நேற்று அந்த மிஷின் சத்தத்தில் சத்தமாகவே சொன்னேன்.

"இல்ல தம்பி. வலது கை போயிட்டுது. நரம்பு செத்துட்டுது, இனிமே வராதுன்னு டாக்டர் மார்ச் மாசமே சொல்லிட்டார். இது இடது கை வரைஞ்சது. இந்த வருஷம்தான் பழகிச்சு."

மாடசாமி மை துடைக்கிற துணியில் கையைத் துடைத்துவிட்டு, அந்தப் பக்கம் மிஷினில் நின்றவர்களைக் கூப்பிட்டார். "ஏல, எல்லாரும் இங்க வாங்கடே. இதப் பாத்துட்டுப் போங்க."

வந்தார்கள். சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் கூழைக்கடாவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி கூழைக்கடாவைப் பார்த்தார். "எங்க ஊருக் கம்மாயில வரும்ல இது" என்றார். அது போதும் எனக்கு.

கொழுந்து சார் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர்.

"ஓட்டலாமாக்கா?"

"ஓட்டுங்க."

ஓடியது. தாள் தாளாக விழுந்தது, ஒவ்வொன்றிலும் கிளையைத் தணித்துக்கொண்டு கூழைக்கடா. யாரோ ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கம்மா, நேரமாகும்" என்றார்கள்.

நான் உட்காரவில்லை. கடைசித் தாள் வரை நின்றே பார்த்தேன்.